பலாலிக்குப் போன ஆட்டுக்கறி

மச்சாள் கண் ஒப்பரேஷனுக்காகக் கண்டிக்கு வந்து இறங்கிய அடுத்த கிழமை சண்டை மூண்டு, யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ-ஒன்பது பாதையை மூடிவிட்டார்கள். இரண்டு கிழமை தங்கிவிட்டுத் திரும்புவதாக யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு சின்னப் பெட்டியோடு வந்தவர், மாதக்கணக்கில் எங்கள் வீட்டு முன்னறையில் இருக்கும்படி ஆயிற்று.

மச்சாள் என் கணவரின் மூத்த சகோதரி. நான் கண்டி மஹய்யாவையில் பிறந்து வளர்ந்தவள். கணவர் யாழ்ப்பாணத்துக்காரர், கண்டியில் கணக்கு வாத்தியார். எங்கள் கல்யாணத்துக்கு மச்சாள் வரவில்லை. தேயிலைத் தோட்டத்து ஆட்களின் வழியில் வந்த பெண்ணைத் தம்பி கட்டுவது அவருக்குப் பிடிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். அதைப் பற்றி இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர் என்னை 'நீர்' என்பார். நான் 'அக்கா' என்பேன். மரியாதைக்குக் குறைவில்லை. வீட்டுக்கு வந்த டாக்டரம்மாவோடு பேசுவது போலப் பேசிக்கொண்டோம்.

கண் நன்றாகத் தேறியது. ஆனால் மச்சாளுக்குக் கண்ணைப் பற்றிய கவலை இல்லை, யாழ்ப்பாணத்தில் தனியே இருந்த வீட்டுக்காரரைப் பற்றிய கவலைதான். அத்தான் தபாலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தேத்தண்ணி போடவும் முட்டை அவிக்கவும் மட்டும் தெரியும். டெலிபோன் லைன் கிடைக்கும் நாட்களில் மச்சாள் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்.

"இண்டைக்கு என்ன சாப்பிட்டியள்?"

மறுமுனையில் அத்தான் சொல்வது எனக்குக் கேட்காது. மச்சாளின் முகத்தைப் பார்த்தாலே தெரியும், கடைப் பாணும் தேங்காய்ச் சம்பலும். அல்லது பாணும் பருப்பும். அங்கே சாமான்கள் கப்பலில் வந்தால்தான் உண்டு. மீன்பிடிக்கவும் கட்டுப்பாடு. இறைச்சி எப்போதாவது கிடைத்தாலும் சமைக்க ஆளில்லை.

கொழும்புக்கு அருகே இரத்மலானையிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலிக்குப் போகும் விமானத்தில் இடம் கேட்டு மச்சாள் பதிந்திருந்தார். அதற்குப் பாதுகாப்பு அனுமதி வர வேண்டும். வரும் வரும் என்று காத்திருந்தோம். ஒருநாள் என் கணவர் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, அனுமதி வந்துவிட்டது, அடுத்த கிழமை போகலாம் என்றார். மச்சாள் கலண்டரில் திகதியைத் தேடிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "ஒரு ஆட்டிறைச்சிக் கறி காய்ச்சிக் கொண்டுபோகலாமோ?" என்று கேட்டார்.

அவர் என்னிடம் கேட்ட முதல் உதவி அது.

"கொண்டு போகலாங்கக்கா, ஆனா எப்படி? டிபன் கேரியர்ல வச்சா ஒழுகும். ஒழுகுற சாமான ஏத்த மாட்டாங்கன்னு சொல்றாங்க. போய்ச் சேர்றதுக்குள்ள கெட்டும் போயிரும்."

கேட்டுக்கொண்டிருந்த கணவர்தான் அலுமாரிக்கு மேலே இருந்த மெசினை நினைவுபடுத்தினார். என் தம்பி வளைகுடா நாடொன்றில் ஒரு வீட்டில் சமையல்காரனாக இருந்தான். அந்த வீட்டுக்காரர்கள் புதிது வாங்கியபோது பழைய வெக்கியூம் மெசினை இவனிடம் கொடுத்துவிட்டார்கள். பிளாஸ்டிக் உறைச் சுருள்களோடு அதைத் தூக்கிக்கொண்டு வந்து, "அக்கா, இதுல வச்சா இறைச்சி மாசக்கணக்குல பழுதாகாம பிரீசர்ல கெடக்கும்" என்று சொல்லி எங்கள் வீட்டில் வைத்துவிட்டுப் போனான். மாசக்கணக்கில் இறைச்சி வாங்கிச் சேர்த்து வைக்கிற குடும்பமா நாங்கள்? அது அட்டைப் பெட்டியோடு அப்படியே கிடந்தது.

வேலை சுலபம் என்றுதான் பார்த்தவுடன் தோன்றியது. உறையின் வாயை மெசினுக்குள் கொடுத்து மூடியை அமுக்கினால், காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, உள்ளே இருக்கும் சூடான பட்டி வாயை உருக்கி ஒட்டிவிடும். நான் முதலில் கோழி இறைச்சியில் பழகிப் பார்த்தேன். கழுவி, தண்ணீரை வடித்து, உறையில் போட்டு அமுக்கினேன். காற்றோடு சேர்ந்து இளஞ்சிவப்புத் தண்ணீரும் ஏறி மெசினின் பள்ளத்துக்குள் போய்விட்டது. ஒட்டிய கோடு தெளிவாக இல்லை, குமிழ் குமிழாக வெளுத்திருந்தது. விரலால் இழுத்ததும் திறந்துகொண்டது.

மச்சாள் கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் கதிரையில் உட்கார்ந்து பார்த்தார்.

"இதென்ன, பால்மா பைக்கற்றை விட மோசமாக் கிடக்கு."

"ஈரம்க்கா. வாயில ஈரம் இருந்தா ஒட்டாது போல."

அடுத்த துண்டுகளைப் பழைய பருத்தி வேட்டித் துணியில் ஒற்றி எடுத்தேன். கொஞ்சம் பரவாயில்லை. ஆனாலும் ஒரு ஓரத்தில் விட்டுக்கொடுத்தது. ஏன் என்று யோசித்தபோது மச்சாள்தான் கண்டுபிடித்தார். நான் கையால் இறைச்சியை உள்ளே போடும்போது ஒவ்வொரு முறையும் உறையின் வாயில் உரசுகிறதாம். "சட்டைக் கையை மடிக்கிற மாதிரி வாயை வெளியால மடிச்சுப்போட்டுப் போடும். பிறகு நிமிர்த்தும்" என்றார். அப்படியே செய்தேன். இறைச்சி மடிப்பின் விளிம்பில் பட்டதே தவிர, ஒட்ட வேண்டிய இடத்தில் படவில்லை. நிமிர்த்தி, உலர்ந்த துணியால் வாயின் உட்புறத்தை ஒருதரம் துடைத்து அமுக்கினேன். கோடு கண்ணாடி போல வந்தது. மச்சாள் கையில் வாங்கி இழுத்துப் பார்த்தார். வரவில்லை.

இதெல்லாம் பச்சை இறைச்சிக்கு. கறிக்கு என்ன செய்வது என்பதில் எங்களுக்குள் முதல் சண்டை வந்தது. நான் நன்றாக வற்றவிட்டு, எண்ணெய் பிரிய பிரட்டலாகச் செய்தால்தான் பையில் வைக்கலாம் என்றேன்.

"பிரட்டலை அவர் சாப்பிடமாட்டார். அவருக்குக் குழம்பு வேணும். பாணைத் தோய்ச்சுத்தான் சாப்பிடுவார். பல்லும் இல்லை."

"குழம்ப உறிஞ்சி மெசினுக்குள்ள இழுத்துரும்கா. மெசினே போயிரும்."

"அப்ப விடும். நான் வெறுங்கையோட போறன்."

சொல்லிவிட்டு முன்னறைக்குப் போய்விட்டார். எனக்கும் கோபம்தான். சமையலறையைத் துப்புரவாக்கிக்கொண்டிருந்தபோது பிரீசரில் ஐஸ் தட்டைப் பார்த்தேன். குழம்பு தண்ணீராக இருந்தால்தானே ஏறும்? கட்டியாக இருந்தால் ஏறாதே. முன்னறைக்குப் போய்ச் சொன்னேன். மச்சாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"முதல்ல உறைய வைக்கிறதோ? ஓம், அது சரி. ஏன் இவ்வளவு நேரம் சொல்லேல்லை?"

மறுநாள் மார்க்கெட்டுக்குப் போனேன். வழக்கமாக வாங்கும் இறைச்சிக் கடை முஸ்லிம் நானாவிடம் எலும்பில்லாமல் கேட்டேன். எலும்பின் கூர்முனை உறையில் ஊசித்துளை போட்டுவிடும் என்பதைக் கோழியில் பட்டுத் தெரிந்துகொண்டிருந்தேன். முதல்நாள் கல்லுப்போல இறுகியிருந்த பையொன்று விடியும்போது தொளதொளவென்று கிடந்தது. நானா சிரித்தார்.

"எலும்பில்லாட்டிக் கறிக்கு என்ன ருசி புள்ள?"

"தூரம் போகுது நானா."

"எங்க?"

"யாழ்ப்பாணம்."

அவர் கத்தியைத் தீட்டினார். பின்தொடையில் நல்ல துண்டாக எடுத்து, சவ்வைக் கழித்து வெட்டித் தந்தார். எலும்பைத் தனியாகச் சுற்றி, "இத நீங்க சூப்பு வச்சிக் குடிங்க" என்று பையில் போட்டார்.

கறியை மச்சாள்தான் காய்ச்சினார். யாழ்ப்பாணத்துக் கறித்தூள் இல்லை. என் தூளையே மறுபடி வறுத்து, பெருஞ்சீரகம் கூட்டித் தன் மணத்துக்குக் கொண்டுவந்தார். நான் தேங்காய் துருவிக் கொடுத்தேன், ஆனால் பால் சேர்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். தேங்காய்ப்பால் சேர்ந்தால் சீக்கிரம் பழுதாகும். அதற்கு அவர் மறுப்புச் சொல்லவில்லை. கறி முழுதாக ஆறும்வரை காத்திருந்தோம். சூட்டோடு பிரீசரில் வைத்தால் மற்றதெல்லாம் உருகும். பிறகு பாண் சுடும் தகரத் தட்டுகளில் சோற்றுப் பொதி சுற்றும் லன்ச் சீட் விரித்துக் குழம்போடு ஊற்றி உறையவிட்டோம்.

அடுத்த நாள் தட்டைக் கவிழ்த்தபோது செங்கல் போலக் கட்டிகள் விழுந்தன. கருஞ்சிவப்பு. மேலே எண்ணெய் மஞ்சளாக உறைந்திருந்தது. அவற்றை வாய் மடித்த உறைகளுக்குள் இறக்கி, நாலு விரல்கடை வெற்றிடம் விட்டு, கட்டியின் பனி உருகி வாயில் படுவதற்குள் துடைத்து அமுக்கினோம். ஒருதரம் ஒட்டியதற்குப் பக்கத்திலேயே இன்னொரு கோடும் ஒட்டினோம். இடையில் மெசினை ஆறவிட்டோம். இதைப் பட்டப்பகலில்தான் செய்ய வேண்டியிருந்தது. எங்கள் தெருவில் பின்னேரமானால் கரண்ட் மங்கிவிடும், பட்டி சரியாகச் சூடேறாது. கடைசியாக ஒவ்வொரு பையையும் தண்ணீர்ப் பேசினில் அமிழ்த்திப் பார்த்தோம். குமிழ் வரவில்லை. மச்சாள் ஒன்றை எடுத்து மேசையில் தட்டினார். டக்கென்று சத்தம் கேட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது. அவரும் சிரித்தார்.

ஆனாலும் நான் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். "அக்கா, காத்து இல்லைன்னா கெடாதுன்னு நெனச்சிராதீங்க. குளிர் இருக்குற வரைக்கும்தான். போனதும் அன்னைக்கே சூடாக்கிச் சாப்பிட்டுருங்க. எந்தப் பையாவது ஊதியிருந்தாலோ தொளதொளன்னு இருந்தாலோ, யோசிக்காம எறிஞ்சிருங்க." தம்பி எனக்குச் சொன்னதைத்தான் நான் அவருக்குச் சொன்னேன்.

பயணத்தன்று காலையில் குளிர் தாங்கும் வெள்ளை ரெஜிபோம் பெட்டியில் பைகளை அடுக்கி, சுற்றிலும் பத்திரிகைத் தாளைத் திணித்து, கயிற்றால் கட்டினோம். கணவரும் நானும் கொழும்பு வரைக்கும் பஸ்ஸில் கூடப் போனோம். தனியாக அனுப்பினால் அவர் வாய் திறந்தவுடன் எந்த ஊர் என்று தெரிந்துவிடும், சிங்களமும் வராது.

கடுகண்ணாவை இறக்கத்தைத் தாண்டி வெகுதூரம் போனபிறகு சோதனைச் சாவடி ஒன்றில் எல்லாரையும் பைகளோடு இறக்கினார்கள். அது வழக்கம்தான். வரிசையில் நின்றோம். ஒரு பெண் பொலிஸ் ரெஜிபோம் பெட்டியின் கயிற்றை அவிழ்த்து, தாளை விலக்கி, ஒரு பையை வெளியே எடுத்தாள். இளம் பெண். கையில் கனத்ததும் திடுக்கிட்டாள். விரலால் அழுத்தினாள். அமுங்கவில்லை.

"இது என்ன?" சிங்களத்தில் கேட்டாள்.

"ஆட்டிறைச்சிக் கறி."

"கறியா? ஏன் கல்லு மாதிரி இருக்கு?"

நான் விளக்கத் தொடங்கினேன். உறைய வைத்தது, காற்றை எடுத்தது, மெசின். எனக்குச் சிங்களம் தமிழைப் போலவே வரும். ஆனால் நான் சொல்லச் சொல்ல எனக்கே அது நம்ப முடியாத கதை மாதிரிக் கேட்டது. அவள் பையை மெதுவாகப் பெட்டிக்குள் வைத்துவிட்டு இரண்டு அடி பின்னால் போய், மேலதிகாரியைக் கூப்பிட்டாள்.

அதைப் பார்த்த சனம் விலகிவிட்டது. கண்டியிலிருந்து எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மகளின் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்த ஒரு பெண், பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்குப் பின்னால் போய் நின்றாள். அவளைக் குறை சொல்ல முடியாது. பஸ்ஸில் பார்சல் வெடித்த செய்திகளை நானும்தான் வாசித்திருந்தேன். ஆனாலும் அந்தத் திறந்த வெளியில், ஒரு வெள்ளைப் பெட்டியைச் சுற்றி நாங்கள் மூன்று பேர் மட்டும் நின்றோம். 

வந்த அதிகாரி அடையாள அட்டைகளை வாங்கிப் பார்த்தார். மச்சாளின் அட்டையில் யாழ்ப்பாணத்து விலாசம். கணவரின் அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். பெட்டியைக் காட்டி, தான் தள்ளி நின்றுகொண்டு, "நீங்களே வெட்டுங்கள்" என்றார். ஒரு பேனாக்கத்தியை மேசையில் வைத்தார்.

கணவர் கையை நீட்டினார். "நீங்கள் வேண்டாம், அந்தம்மா" என்றார் அதிகாரி.

"என்னவாம்?" மச்சாள் என்னிடம் கேட்டார்.

"நீங்களே வெட்டணுமாம்க்கா."

மச்சாள் கத்தியை எடுத்து, பெட்டியிலிருந்து ஒரு பையை வெளியே வைத்தார்.  உறையின் ஓரத்தில் குத்தினார். சின்னதாக ஒரு மூச்சுப் போல உள்ளே காற்றுப் போக, இறுகிப் பிடித்திருந்த பொலித்தீன் கட்டியிலிருந்து விட்டுக்கொடுத்துத் தளர்ந்தது. அவர் அதை அகலமாகக் கிழித்து, கத்தி நுனியால் உறைந்த குழம்பிலிருந்து ஒரு சில்லை நெம்பி எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். ஐஸைக் கடிக்கும் சத்தம் கேட்டது. மென்று விழுங்கிவிட்டு, அதிகாரியைப் பார்த்து, தமிழிலேயே சொன்னார்.

"என்ரை மனுசனுக்குக் கொண்டுபோறன். வேறை ஒண்டும் இல்லை."

நான் மொழிபெயர்த்தேன். அதிகாரி கிட்ட வந்து குனிந்து பார்த்தார். முகர்ந்தார். உறைந்த கறிக்கு மணம் குறைவுதான், ஆனாலும் பெருஞ்சீரகம் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். "மற்றதும் இதேதானா?" என்றார். "ஆமாம்" என்றேன். எல்லாவற்றையும் வெட்டச் சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். அவர் சொல்லவில்லை. பெண் பொலிஸ் ஒவ்வொன்றையும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு உள்ளே வைத்தாள்.

அட்டைகளை மட்டும் உடனே தரவில்லை. எங்கே வேலை, எத்தனை வருஷமாகக் கண்டியில், மச்சாள் ஏன் வந்தார், ஏன் போகிறார் என்று கணவரிடம் தனியாகக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். நாங்கள் வந்த பஸ் போய்விட்டது. மச்சாள் ரெஜிபோம் பெட்டியைத் தன் சேலைத் தலைப்பால் மூடி, அதில் வெயில் படாதபடி மறைத்து உட்கார்ந்துகொண்டார். நான் பக்கத்தில் நின்றேன்.

"உமக்குப் பயமா இருந்ததோ?" என்று கேட்டார்.

"ஆமாக்கா."

"எனக்கும்தான்.  காட்டேல்லை, அவ்வளவுதான்."

பிறகு அவராகவே பேசினார். எண்பத்து மூன்றில் தமிழருக்கு எதிரான கலவரம் வந்தபோது அத்தானுக்குக் கொழும்பில் வேலை. வாடகை வீட்டை விட்டு, உடுத்த துணியோடு முகாமுக்குப் போய், அங்கிருந்து கப்பலில் ஊருக்குப் போனார்களாம். "அண்டைக்கும் அடுப்பிலை கறி கிடந்தது. அதைப் பாத்துக்கொண்டுதான் வெளிக்கிட்டனாங்கள்." அவர் அழவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். மஹய்யாவையில் அதே நாட்களில் நாங்கள் பின்னால் உள்ள ஒரு சிங்கள வீட்டில் ஒளிந்திருந்ததை நானும் சொன்னேன். அப்போது நான் சிறு பிள்ளை. இத்தனை மாதம் ஒரே வீட்டில் இருந்தும் இதையெல்லாம் பேசியிருக்கவில்லை.

அட்டைகள் வந்தன. அடுத்த பஸ்ஸில் நின்றுகொண்டே கொழும்புக்குப் போனோம்.

வெள்ளவத்தையில் நாங்கள் தங்கிய லொட்ஜ் முழுக்க விமானத்துக்கும் வெளிநாட்டுக்கும் காத்திருக்கும் வடக்குச் சனம். லொட்ஜ்காரர் பைகளைத் தன் பிரீசரில் வைக்க இடம் தந்தார். கிழிந்த பையை இனி வைத்திருக்க முடியாது. மச்சாள் லொட்ஜ் சமையலறையில் அதைச் சட்டியில் போட்டுக் கொதிக்கக் கொதிக்கச் சூடாக்கினார். மணம் மாடிப்படி வழியாக ஏறியது. ஒவ்வொருவராக வந்து எட்டிப் பார்த்தார்கள். "ஆர் காய்ச்சினது?" "எங்கத்தைத் தூள்?" என்று கேட்டார்கள். கணவர் பாண் வாங்கி வந்தார். ஆளுக்கு ஒரு துண்டு இறைச்சியும் தோய்க்கக் கொஞ்சம் குழம்பும்தான் வந்தது. மகளிடம் கனடாவுக்குப் போகக் காத்திருந்த ஒரு வயதானவர் சாப்பாட்டுக் கோப்பையைப் பாணால் துடைத்துச் சாப்பிட்டுவிட்டு, இன்னும் இருக்கிறதா என்று கேட்கக் கூச்சப்பட்டு அங்கேயே நின்றார். மச்சாள் தன் பங்கை அவருக்கு வைத்துவிட்டார்.

மறுநாள் விடிகாலையில் இரத்மலானைக்குக் கூட்டிப்போனோம். வாசலுக்கு மேல் எங்களை விடவில்லை. மச்சாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் வரிசையில் போய்ச் சேர்ந்தார்.

பல நாட்கள் லைன் கிடைக்கவில்லை. கிடைத்தபோது கணவர் பேசிவிட்டு என்னிடம் ரிசீவரைத் தந்தார்.

"ஒரு பை காத்துப் பிடிச்சுப் போச்சுது" என்றார் மச்சாள். "பலாலியிலை தூக்கிப் போட்டதிலை மூலை உடைஞ்சிருக்கு. நீர் சொன்ன மாதிரி எறிஞ்சிட்டன். இவர் விடேல்லை, மணந்து பாப்பம் மணந்து பாப்பம் எண்டு நிண்டவர். நான் கொண்டுபோய்க் கிடங்கு கிண்டித் தாட்டுப்போட்டன். மற்றதெல்லாம் கல்லு மாதிரி இல்லாட்டியும் நல்ல குளிரோட, இறுக்கமா இருந்தது."

"மத்தத என்னக்கா பண்ணினீங்க? பிரீசர் இல்லையே?"

"ஒண்டை நாங்கள் சாப்பிட்டம். மிச்சத்தைச் சூடாக்கி எங்கடை ஒழுங்கையிலை வீடு வீடாக் குடுத்தாச்சு. வைச்சு என்ன செய்யிறது?"

பிறகு அத்தான் வந்தார். அவரோடு நான் பேசியது அதுதான் முதல் தடவை. குரல் மெலிந்திருந்தது.

"பிள்ளை, கறி வந்தது. நல்லாயிருந்தது. உப்பு மட்டும் கொஞ்சம் குறைவு."

பின்னால் மச்சாள் சத்தம் போடுவது கேட்டது. உப்புப் போட்டது தான்தானாம், நான் இல்லையாம். லைன் அத்தோடு அறுந்தது.

சண்டை முடிந்து பாதை திறந்த வருஷம் நாங்கள் யாழ்ப்பாணம் போனோம். அத்தான் அதற்கு முந்திய மாரியில் காலமாகிவிட்டார். கடிதமும் டெலிபோனும் பிந்தியதால் செத்தவீட்டுக்குப் போக முடியவில்லை. மச்சாள் வாசல் படலையில் நின்று எங்களைக் கூட்டிப்போனார். ஒழுங்கையில் எதிர்ப்பட்ட ஒரு பெண்ணை நிறுத்தி, என் தோளில் கையை வைத்து, "இவ எங்கடை தம்பியின்ரை மனுசி, கண்டியிலை பிறந்து வளர்ந்தவ" என்றார். அந்தப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். மச்சாள் கையை எடுக்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி, எங்களை உள்ளே கூட்டிப்போனார்.